டக்ளஸ் வேர்ல்ட் குரூஸர்: 644 கேலன் பெட்ரோலை எங்கே வைத்தார்கள்?

கேள்வி:
1924-இல் அமெரிக்க ராணுவம் உலகைச் சுற்ற அனுப்பிய டக்ளஸ் வேர்ல்ட் குரூஸர், கடற்படையின் டிடி-2 டார்பிடோ விமானத்தை மாற்றிக் கட்டியது. டிடி-2-இல் 115 கேலன்தான், இதில் 644. இவ்வளவையும் எங்கே வைத்தார்கள்? அது இன்ஜினுக்கு எப்படி ஏறியது? கல்கத்தாவில், தண்ணீரில் இறங்கப் பயன்பட்ட மிதவையைக் கழற்றிச் சக்கரம் மாட்டியது எடையைக் குறைக்கத்தானா?

பதில் 1:
டார்பிடோ தூக்கும் அமைப்பை எடுத்துவிட்டு ஆறு டாங்க் வைத்தார்கள். மேல் இறக்கையின் நடுவில் ஒன்று, கீழ் இறக்கைகள் உடலோடு சேரும் இடத்தில் இரண்டு, மற்ற மூன்றும் உடற்பகுதிக்குள். மொத்தம் சுமார் 2,440 லிட்டர். பெட்ரோல் எடையே 1,700 கிலோவுக்கு மேல்.

மேல் டாங்க் பெட்ரோல் தானாகவே இன்ஜினுக்கு இறங்கும். மற்றவை தாழ்வாக இருப்பதால் பம்ப் வைத்து மேலே ஏற்ற வேண்டும். பம்ப் நின்றால், கீழே நிறைய இருந்தும் மேல் டாங்க் வற்றியதும் இன்ஜின் நின்றுவிடும். ஆகஸ்ட் 31 அன்று கிரீன்லாந்திலிருந்து இன்றைய கனடாவின் லாப்ரடாருக்கு வரும்போது, இந்த விமானங்களில் ஒன்றான 'சிகாகோ'வில் பம்ப் நின்றுபோனது. அதில் இருந்த துணை விமானி லெஸ்லி ஆர்னால்ட் கைப்பம்பின் பிடியை விடாமல் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் அடித்துத்தான் கரை சேர்ந்தார்கள்.

பதில் 2:
சக்கரத்துக்கு முதல் காரணம் பாதை. கல்கத்தாவுக்குப் பிறகு அலகாபாத், அம்பாலா, முல்தான், கராச்சி என எல்லாம் தரைவழி. எடையும் காற்றுத் தடையும் குறைந்தது கூடுதல் லாபம்: மிதவையோடு 1,650 மைல் போவது, சக்கரத்தோடு 2,200 மைல் போகும்.

வெப்ப நாடுகளில் மிதவையால் இன்னொரு தொல்லை. அலையே இல்லாத நீரில் மிதவையின் அடிப்பாகம் ஒட்டிக்கொள்ளும், விமானம் எளிதில் எழும்பாது. சூடான காற்றில் இந்த விமானத்தின் லிபர்ட்டி இன்ஜினின் சக்தியும் குறையும். இன்ஜின் சூடேறாமல் இருக்க வெப்ப நாடுகளுக்குப் பெரிய ரேடியேட்டர் மாட்டினார்கள். அப்படியும் வியட்நாமின் ஹூவே அருகே 'சிகாகோ'வின் இன்ஜின், குளிர்நீர் ஒழுகிச் சூடேறி உடைந்தது. அங்கேயே வேறு இன்ஜின் மாட்டித்தான் கிளம்பினார்கள்.

பதில் 3:
பெட்ரோல் பம்ப் போனால் கையால் அடிக்கலாம். இன்ஜினின் மசகு எண்ணெய் அழுத்தம் விழுந்தால் பேரிங் உருகுவதற்குள் இன்ஜினை நிறுத்தி இறங்க வேண்டியதுதான். ஆகஸ்ட் 3 அன்று 'பாஸ்டன்' என்ற இன்னொரு விமானம் எண்ணெய் பம்ப் கெட்டு, ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஓர்க்னி தீவுகளுக்கும் ஃபாரோ தீவுகளுக்கும் இடையே கடலில் இறங்கியது. இறங்கும்போது விமானம் முழுசாகத்தான் இருந்தது. 'ரிச்மண்ட்' போர்க்கப்பல் அதைத் தூக்கப் பார்த்தபோதுதான் சேதமானது. இழுத்துப்போகும் வழியில் கவிழ்ந்து மூழ்கியது.