மரத்தில் செய்த மாஸ்கிட்டோ விமானம்: பசை பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்கள்

நண்பர்களே, இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரிட்டிஷ் போர் விமானம் டி ஹாவிலண்ட் மாஸ்கிட்டோ பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். பர்ச் மர ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே லேசான பால்சா மரக்கட்டையை வைத்து ஒட்டிய உடம்பு. 7,781 செய்தார்கள், மிஞ்சியவை சொற்பம். மழையில் கிடந்த மரம் உளுத்துப்போகும், பசையும் விட்டுவிடும், மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. 1944 நவம்பரில் இந்தியா, பர்மா பக்கம் இருந்தவற்றை, இறக்கையில் ஒட்டு விட்டுப்போனதால், தரையிலேயே நிறுத்திச் சோதித்தார்கள்; ஈரமும் வெயிலுமா, தொழிற்சாலையில் சரியாக ஒட்டாததா என்று விசாரணையும் நடந்தது.

தச்சு வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: முதலில் வந்த மாஸ்கிட்டோக்களை ஒட்டியது பாலில் இருந்து எடுக்கும் கேசீன் பசையால்; அந்தப் பசை நம் ஊர் ஈரக்காற்றில் எவ்வளவு காலம் தாங்கும்? அப்புறம், 1940இல் பறந்த முதல் மாஸ்கிட்டோ இங்கிலாந்தில் லண்டன் கோல்னி என்ற ஊரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் இருப்பவர்கள் யாராவது அதன் இறக்கை இணைப்பைக் கிட்டப்போய்ப் படமெடுத்து அனுப்ப முடியுமா?