பழைய வீட்டை நிலநடுக்கத்துக்குப் பலப்படுத்திய அனுபவம்: புதுவை, கடலூர் பக்கத்து ஆட்கள் எழுதுங்கள்

ஈஸ்வரன் கோவில் வீதி, புதுச்சேரி

2001 செப்டம்பர் 25 இரவு எட்டரை வாக்கில் இந்த ஊரில் இருந்தவர்கள் யாரும் "நமக்கெல்லாம் பூகம்பம் வராது" என்று சொல்ல மாட்டார்கள். புதுச்சேரிக்குக் கிழக்கே கடலுக்கடியில் வந்தது, அளவு 5.5. அந்த ஜனவரியில்தான் குஜராத்தில் பூஜ் நகரம் தரைமட்டமாகி இருந்தது, டிவியில் பார்த்ததெல்லாம் மனதில் இருந்ததால் எங்கள் தெருவே வெளியில் நின்றது, கைக்குழந்தை வைத்திருந்தவர்கள் வெகுநேரம் உள்ளே போகவில்லை. எங்கள் வீட்டில் பெரிதாக ஒன்றும் விழவில்லை. ஆனால் கூடத்து மச்சில் உத்திரங்களுக்கு நடுவிலிருந்து சுண்ணாம்புத் தூள் கொட்டி ஊஞ்சல் பலகை முழுக்க வெள்ளையாகிவிட்டது, முன்வாசல் நிலைக்கு மேல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல். அப்பா காலத்தில் அதைச் சிமெண்ட் வைத்து அடைத்து வெள்ளையடித்தார்கள். தெருவில் எல்லா வீட்டிலும் அதைத்தான் செய்தார்கள்.

இப்போது இதை எழுதக் காரணம், போன கோடையில் மாடி ஒழுகலுக்காக வேலை எடுத்தபோது பழைய கட்டடங்களில் பழக்கமுள்ள ஒரு எஞ்சினியரைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் விரிசலை ஒரு பார்வை பார்த்ததோடு சரி. ஏணி போட்டு ஏறி, தேக்கு உத்திரம் சுவருக்குள் நுழைகிற இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார். பாதிவரை இறங்கியது. அதே உத்திரத்தை நடுவில் தட்டினால் கணீர் என்கிறது, சுவருக்குள் இருக்கிற அந்த ஒரு சாண் மட்டும் ஈரம் குடித்து உளுத்துப் போயிருக்கிறது. கடற்காற்று, மழை, தெற்குச் சுவர், கேட்க வேண்டுமா.

எங்கள் மச்சு மெட்ராஸ் டெரஸ் வகை, அதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். உத்திரங்களுக்கு மேல் சின்னச் செங்கல்லை நிறுத்தி வைத்து மூலைவாட்டில் சுண்ணாம்பில் அடுக்குவார்கள், அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து இறுக்குவார்கள், கடைசியில் தட்டை ஓடு பதிப்பார்கள். அத்தனை பாரமும் உத்திரம் வழியாகச் சுவர்மேல் உட்கார்ந்திருக்கிறது. உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான், சுவரோடு எந்தப் பிணைப்பும் கிடையாது. நேராகக் கீழே அழுத்துகிற பாரத்துக்கு இது நூறு வருடம் நிற்கும், நின்றும் இருக்கிறது. தரை பக்கவாட்டில் ஆடும்போதுதான் வினை: நீளச் சுவர் வெளியே சாயும், உத்திரத்தின் முனை குழியை விட்டு நழுவும், அப்புறம் மச்சு மொத்தமும் கூடத்தில் கிடக்கும். எஞ்சினியர் ஒரு தீப்பெட்டியை எடுத்து, மேலுறையைக் கழற்றி, உள்டப்பாவைப் பக்கவாட்டில் அழுத்திக் காட்டினார், நசுங்கியது. உறையோடு அழுத்தினால் அந்த அளவுக்கு நசுங்குவதில்லை. நான்கு சுவரையும் மேலே ஒன்றாகப் பிடித்துக்கொள்ள ஒன்று வேண்டும் என்பதுதான் விஷயம்.

செய்த வேலை இது. உளுத்த முனைகளை வெட்டிப் புதுத் தேக்கு ஒட்டுப் போட்டு இருபக்கமும் இரும்புப் பட்டையும் போல்ட்டும். ஒன்று விட்டு ஒரு உத்திரத்துக்கு இரும்புப் பட்டை அடித்து, அதைச் சுவருக்குள் துளைத்து வெளிப்பக்கம் ஒரு தகடு வைத்து நட்டு முடுக்கினார்கள். உத்திரங்களுக்கு அடியில் பெருக்கல் குறி மாதிரி மூலைக்கு மூலை தட்டை இரும்பு ஓடுகிறது, அது மச்சு முழுக்க ஒரே பலகையாக அசைய உதவுமாம். நிலைகளுக்கு மேலேயும் மச்சுக்குக் கீழேயும் கம்பிவலைப் பட்டை, அதாவது சுவரில் கம்பிவலை வைத்துச் சிமெண்ட் பூசிய பட்டை. மாடிக் கைப்பிடிச் சுவர் ஆள் இடுப்புக்கு மேல் இருந்தது, அதை முழங்காலளவுக்கு இறக்கி மேலே குழாய்க் கைப்பிடி போட்டோம், ஏனென்றால் ஆட்டத்தில் முதலில் தெருவில் விழுவது அதுதான், அதுவும் நாம் வெளியே ஓடுகிற வாசலுக்கு நேராக.

உங்கள் பக்கத்தில் யார் யார் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். ஒழுகல், பெயின்ட், கரண்ட் வயர் என்று எந்த வேலைக்காவது பூச்சை உடைக்கிறீர்கள் என்றால் அந்தச் சமயத்திலேயே இதையும் சேர்த்துச் செய்யுங்கள் என்று மட்டும் இப்போதைக்குச் சொல்கிறேன், ஏனென்றால் கூலியில் பெரும்பங்கு உடைப்பதற்கும் திரும்பப் பூசுவதற்கும்தான் போகிறது.

கடலூர் ஓ.டி. (பழைய நகரம்)

அண்ணே, நல்ல வேளை ஆரம்பித்தீர்கள். எங்கள் வீடு ஓட்டு வீடு, முன்பக்கம் மட்டும் பிற்காலத்தில் எழுப்பிய மாடி. 2011 டிசம்பரில் தானே புயல் ஓட்டைப் பறித்துக்கொண்டு போனதால் கூரை வேலை அப்போதே எடுத்தோம். மேஸ்திரி ஒரு விஷயம் காட்டினார்: கைமரங்களின் கால் சுவரை வெளியே தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது, சுவர் உச்சி தெருப்பக்கம் விரலளவு சாய்ந்திருந்தது. எதிரெதிர்க் கைமரங்களைக் குறுக்குக் கட்டையால் இணைத்து, சுவர்மேல் ஓடுகிற மரத்தைச் சுவரோடு போல்ட் போட்டுப் பிடித்துக் கட்டினார். காற்றுக்காகச் செய்தது, ஆனால் ஆட்டத்துக்கும் அதே கட்டுத்தான் வேண்டும் என்று இப்போது உங்கள் பதிவைப் படித்ததும் புரிகிறது.

நான் சொல்ல வந்தது வேறு. தம்பி முன்பக்கத்தைக் கடையாக்கி வாடகைக்கு விடலாம் என்றான். ஷட்டர் போட முன் சுவரை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை எடுக்க வேண்டும், ஒரு காண்ட்ராக்டர் இரண்டு நாளில் முடித்துத் தருகிறேன், மேலே ஒரு ஐ-பீம் போதும் என்றார். பழைய மேஸ்திரிக்கு எழுபதுக்கு மேல் வயது, வந்து பார்த்துவிட்டு, "தம்பி, பாரத்த அந்த பீம் தாங்கும், ஆட்டத்த எது தாங்கும்?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் வெறும் வாய் என்றால் ஆடும்போது வீடு முறுக்கிக்கொள்ளும். கடைசியில் இரண்டு ஓரத்திலும் இரண்டடிக்கு மேல் சுவரை விட்டுவிட்டு, திறப்பைச் சுற்றிலும் கீழே மேலே பக்கவாட்டில் என நான்கு புறமும் சேர்த்து வெல்டு செய்த இரும்புச் சட்டம் வைத்து, அதைச் சுவரோடும் தரைக் காங்கிரீட்டோடும் பிடித்துக் கட்டினோம். ஷட்டர் அகலம் குறைந்தது, வாடகையும் கொஞ்சம் குறைந்தது. பரவாயில்லை, மாடியில் அம்மா படுக்கிறார்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்து பாருங்கள், கீழ்ச் சுவர் முழுக்க எடுத்துவிட்டு ஷட்டர் போட்ட பழைய மாடி வீடுகள் எத்தனை நிற்கின்றன. எனக்கு அந்த வரிசையைப் பார்த்தாலே வயிறு கலங்குகிறது.

ரெட்டியார்பாளையம்

எங்களுடையது அவ்வளவு பழைய வீடு இல்லை, 1980களில் கட்டிய காங்கிரீட் வீடு. ஆனால் பால்கனி அடியிலும் போர்ட்டிகோ தூணிலும் காங்கிரீட் பிளந்து துருக் கம்பி தெரிகிறது. மொட்டைமாடியில் தூண் எழுப்பி இரண்டு சின்டெக்ஸ் தொட்டி, ஒவ்வொன்றும் ஆயிரம் லிட்டர். மேலே இன்னொரு மாடி கட்டலாம் என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருக்கிறார். யாராவது விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை, சைட் எஞ்சினியர்

அம்மா, முதலில் தொட்டி. ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன், இரண்டு டன்னை வீட்டின் உச்சியில் மெல்லிய தூண்களில் நிறுத்தியிருக்கிறீர்கள். ஆட்டத்தில் எடை எவ்வளவோ அதற்குத் தக்கபடி விசை, உயரம் போகப் போக அசைவும் கூடும். தொட்டியைத் தாழ்த்தி, கீழே சுவர் இருக்கிற இடத்துக்கு நேராக மாற்றுங்கள், இது ஒரு நாள் வேலை. துருவுக்கு மேலே பூச்சு பூசி மறைக்காதீர்கள். துரு ஏறின கம்பி பருத்துக் காங்கிரீட்டை உள்ளிருந்து தள்ளுகிறது, நீங்கள் பூசுவது அடுத்த மழைக்கு மறுபடி பெயரும். தளர்ந்த காங்கிரீட்டைக் கம்பிக்குப் பின்பக்கம் வரை கொத்தி எடுத்து, துருவைத் தேய்த்து, மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி வைத்து, தூண் என்றால் சுற்றிலும் நெருக்கமாக வளையம் கட்டிப் புதுக் காங்கிரீட் உறை போட வேண்டும். அந்த வளையத்தின் முனையை 135 டிகிரி உள்ளே மடக்கச் சொல்லுங்கள். தொண்ணூறோடு விட்டால் ஆட்டத்தில் வளையம் அவிழ்ந்துவிடும். பார் பெண்டர் அலுத்துக்கொள்வார், விடாதீர்கள். அந்த இன்னொரு மாடியை, அஸ்திவாரத்தையும் தூண் கம்பியையும் ஒருவர் கணக்குப் போட்டுப் பார்க்காமல் தொடவே வேண்டாம்.

கடலூர் நண்பர் சொன்ன திறந்த கீழ்த்தளம் பற்றி: 2001-ல் குஜராத் நடுக்கத்தின் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிற அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்தன. கீழே கார் நிறுத்த வெறும் தூண், மேலே எல்லாத் தளத்திலும் சுவர் என்று கட்டியவை அவற்றில் பல. மேல்தளங்கள் ஒரே கட்டியாக அசைய, வளைவு முழுவதையும் கீழ்த் தூண்கள் வாங்கின. நம்மூரிலும் இப்போது எல்லாம் ஸ்டில்ட் பார்க்கிங்தான். கீழே சில இடங்களில் தூணுக்குத் தூண் காங்கிரீட் சுவரோ இரும்பு மூலைவிட்டமோ கொடுத்தால் கார் இடம் ஒன்றிரண்டு போகும், அவ்வளவுதான்.

எனக்கு அடிக்கடி வருகிற கேள்வி, "பழைய மச்சை எடுத்துவிட்டு காங்கிரீட் தளம் போட்டுவிடலாமா சார்?" என்பது. பழைய மண்சாந்துச் சுவரை அப்படியே விட்டு மேலே கனமான தளத்தை மட்டும் வைப்பது ஆபத்து. குஜராத்தில் அப்படிப்பட்ட வீடுகள், நலிந்த சுவர் மேல் காங்கிரீட் தளம், நிறைய விழுந்தன. 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் லாத்தூரில் தடித்த கல் மண் சுவரும் அதன்மேல் மண் போட்ட கனமான கூரையும்தான் தூங்கியவர்கள் மேல் இறங்கின. அதன் அளவு 6.2 தான். தக்காணத்தில் பெரிதாக வராது என்று எல்லாரும் நம்பியிருந்த பகுதி அது. தமிழ்நாட்டிலும் 1900-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய நடுக்கம் வந்திருக்கிறது, 2002-ல் நிலநடுக்க அபாய வரைபடத்தில் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து அபாயம் கூடிய மூன்றுக்கு ஏற்றினார்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை, நம் பக்கத்தில் வருவது மிதமானதாகவே இருக்கலாம், மிதமானதற்கே பழைய செங்கல் வீடு தாக்குப்பிடிக்காமல் போகலாம் என்பதால் சொல்கிறேன்.

கம்பிவலைப் பட்டைக்கு ஐ.எஸ். 13935 என்ற தர விதி இருக்கிறது, எஞ்சினியரிடம் அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். கோழிவலையை ஆணி அடித்துப் பூசுவது பட்டை ஆகாது. பூச்சைப் பட்டை அகலத்துக்கு மட்டும் கொத்தி, செங்கல் இணைப்புகளைச் சுரண்டி, தண்ணீர் விட்டுக் கழுவி, முதல் பூச்சுக்கு மேல் வெல்டு மெஷ்ஷை வைத்து நீள ஆணியால் பிடித்து, ஒன்றுக்கு மூன்று கலவையில் இரண்டாம் பூச்சு. மூலையில் வலை வெட்டாமல் திரும்ப வேண்டும், ஒட்டுப் போடுகிற இடத்தில் ஒரு அடிக்கு ஒன்றன்மேல் ஒன்று கவிய வேண்டும். பிறகு தண்ணீர் விட்டு ஆற வைக்காமல் வெயிலில் காயவிட்டால் போட்டதெல்லாம் வீண்.

ஈஸ்வரன் கோவில் வீதி, புதுச்சேரி

சார், மிக்க நன்றி. ஒன்று சேர்க்க வேண்டும். சுண்ணாம்புச் சுவர் முழுக்கச் சிமெண்ட் பூசச் சொல்லி எங்களுக்கும் ஆலோசனை வந்தது, எஞ்சினியர் மறுத்துவிட்டார். தரையிலிருந்து ஏறுகிற ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்துச் சுவரே மாவாகும் என்றார். அதனால் பட்டை மட்டும் சிமெண்ட், மீதி எல்லாம் சுண்ணாம்பு. தெருப்பக்கத்துத் தூண் வரிசையும் மரவேலையும் பழையபடியே இருக்க வேண்டும் என்று வீட்டில் எல்லாருக்கும் ஆசை, அங்கே பட்டையை உள்பக்கம் மட்டும் போட்டு, வெளிச்சுவரை இரும்புக் கம்பியால் உள்ளே இழுத்துப் பிடித்திருக்கிறோம், வெளியே தெரிவது உள்ளங்கை அகலத் தகடுகள் மட்டுமே. பாரம்பரியமா பாதுகாப்பா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்பவர்களிடம் இதைக் காட்டுகிறேன். பீச் ரோட்டில் நம் மேரி (பழைய நகராட்சி) கட்டடம் 2014 நவம்பர் மழையில் விழுந்ததை எல்லாரும் பார்த்தோம். பூகம்பமே இல்லாமல் போனது. பார்க்காமல் விட்டால் அழகும் நிற்காது. அதே தோற்றத்தில் இப்போது நிற்பது புதுக் கட்டடம்.

இன்னொரு சிக்கலும் தெருவில் எல்லாருக்கும் உண்டு, பொதுச்சுவர். எங்கள் உத்திரமும் அடுத்த வீட்டு உத்திரமும் ஒரே சுவரில் இரண்டு பக்கமிருந்து வந்து உட்கார்கின்றன, அவர்கள் மச்சு எங்களுடையதைவிட ஒன்றரை அடி கீழே. இரண்டு வீடும் ஆளுக்கொரு பக்கம் ஆடினால் அவர்கள் மச்சு எங்கள் சுவரின் நடுவில் இடிக்கும். இது எங்கள் பக்கம் மட்டும் வேலை செய்து தீராது. பக்கத்து வீட்டு மாமாவிடம் திண்ணையில் உட்கார்ந்து பேசினேன், முதலில் "எங்க வீட்டுச் சுவத்துல துளை போடாதப்பா" என்றார், உத்திர முனையை அவர் வீட்டிலும் ஏறிக் காட்டிய பிறகு சரி என்றார். பொங்கல் முடிந்ததும் அவர் பக்கம் பூச்சை உடைக்கிறார்கள், பட்டையைச் சுவரின் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் போட்டு நடுவில் கம்பி கோத்து இணைக்கப் போகிறார்கள். பொதுச்சுவருக்கான கூலி ஆளுக்குப் பாதி.