கீழ்க் கடைவாய்ப் பல்: வேர் சிகிச்சை செய்தும் வலிக்கிறது, பிடுங்கிவிடலாமா?

அருமனைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 41 வயது. அருமனைப் பக்கம் ரப்பர் பால்வெட்டு. போன ஓணத்துக்கு முன்னால் வலது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை செய்தார்கள். ஊசி போட்டதும் உதடெல்லாம் மரத்துவிட்டது, ஆனால் பல்லுக்குள் கம்பியை விட்டபோது உயிர் போய்த் திரும்பியது. கேப் இன்னும் போடவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்து கடித்தபோது அடைத்ததில் ஒரு ஓரம் பெயர்ந்துவிட்டது. இப்போது அந்தப் பக்கம் மென்றால் வலிக்கிறது. ஈறில் ஒரு சின்னக் கொப்புளம் வருகிறது, உடைகிறது, திரும்ப வருகிறது.

மார்த்தாண்டத்தில் வேறொரு டாக்டரிடம் காட்டினேன். "ஒரு கால்வாய் விட்டுப்போயிருக்கலாம், திரும்பத் திறக்க வேண்டும்" என்றார். சீட்டில் 46 என்று எழுதியிருக்கிறார். வாயில் இருப்பதே 32 பல்தானே? மாமியார் பிடுங்கிப் போடச் சொல்கிறார். ஒரு பல்லுக்கு எத்தனை வேர்? அதில் ஒன்றை எப்படி விட முடியும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குளச்சல் மாலுமி

அண்ணே, அவசரப்பட்டுப் பிடுங்காதீங்க. நான் கப்பல் வேலையில் இருந்தபோது இதே பல்லை எடுத்துவிட்டேன், ஏதோ ஒரு துறைமுகத்தில். முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. இப்போது பின்னால் இருந்த பல் அந்த இடைவெளிக்குள் சாய்ந்து கிடக்கிறது. மேலே இருந்த பல் கீழே இறங்கிவிட்டது. மீன் முள், இறைச்சி நார் எல்லாம் அந்தச் சாய்வுக்குள் போய் உட்காருகிறது. செயற்கைப் பல் வைக்கப் போனால், இறங்கிய பல்லை முதலில் சரிசெய்தால்தான் இடம் கிடைக்கும் என்கிறார்கள்.

வடசேரி பல்டாக்டர்

தம்பி, 46 என்பது எண்ணிக்கை இல்லை, முகவரி. வாயை நாலு பாகமாகப் பிரித்தால் உங்கள் வலது கீழ்ப்பக்கம் நாலாவது பாகம். அதில் நடுவிலிருந்து ஆறாவது பல். இடது பக்கம் இதே பல் 36.

இனி உங்கள் கேள்வி. இந்தப் பல்லுக்குப் பொதுவாக இரண்டு வேர், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. கால்வாய் என்பது வேருக்குள் நரம்பு ஓடும் மெல்லிய குழாய், அதன் கணக்கு வேறு. முன்வேருக்குள் கன்னப் பக்கம் ஒன்று, நாக்குப் பக்கம் ஒன்று என்று பெரும்பாலும் இரண்டு கால்வாய். பின்வேரில் பலருக்கும் அகலமாக ஒன்றே ஒன்று. ஆக மூன்று. ஆனால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பின்வேரிலும் இரண்டு இருக்கும். ஒன்றைக் கண்டதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டால் மற்றது உள்ளேயே தங்கிவிடும். அதில் செத்த சதையும் கிருமியும் கிடந்து, வேர் நுனி வழியாக எலும்புக்குள் கசியும். உங்கள் கொப்புளம் அந்தச் சீழ் வெளியே வரும் வாசலாகத்தான் இருக்க வேண்டும்.

சிலருக்கு மூன்றாவதாக ஒரு குட்டி வேரே பின்பக்கம் நாக்கை ஒட்டி வளைந்திருக்கும். சீனா, தைவான் பக்கம் இது சகஜம், நம் நாட்டில் அந்த அளவுக்கு இல்லை. முன்வேரின் இரண்டு கால்வாய்களையும் இணைக்கும் மெல்லிய இடுக்கும் உண்டு. அதற்குள் எந்தக் கம்பியும் முழுசாக நுழையாது, மருந்துத் தண்ணீர் விட்டுக் கழுவித்தான் எடுக்க வேண்டும்.

நேராக எடுத்த எக்ஸ்ரேயில் கன்னப்பக்கக் கால்வாயும் நாக்குப்பக்கக் கால்வாயும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே கோடாகத் தெரியும். அதனால் முதலில் பார்த்தவரை உடனே திட்டிவிட வேண்டாம். ஆனால் கோணம் மாற்றி இன்னொரு படம் எடுக்காமல் மூடியிருந்தால் அது எனக்கு உடன்பாடில்லை. எடுத்தால் இரண்டும் பிரிந்து தெரியும். சந்தேகம் தீராவிட்டால் முப்பரிமாண ஸ்கேன் இருக்கிறது.

ஊசி வேலை செய்யாததற்கும் காரணம் உண்டு. கீழ்த்தாடையின் வெளி எலும்பு தடிமன், மேல்பல்லுக்குப் போடுவதுபோல் பக்கத்தில் போட்டால் மருந்து சரியாக ஊறாது. அதனால் தாடைக்கு உட்பக்கம், நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்தில் போடுவோம். உதடு மரத்தால் நரம்பில் பட்டது என்று அர்த்தம். ஆனால் வீங்கிக் கொதிக்கும் பல் நரம்பு அப்போதும் அடங்காமல் இருக்கலாம். அப்படிப்பட்ட பல்லுக்குப் பக்கத்திலும், பல்லுக்கும் எலும்புக்கும் நடுவிலும் கூடுதலாக ஊசி போட வேண்டும். இந்தத் தடவை வலித்தால் கையைத் தூக்குங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டாம்.

உள்ளே அடைத்திருக்கும் கட்டாபெர்ச்சாவைச் சூடும் கரைப்பானும் வைத்து எடுத்துவிட்டு, விட்டுப்போன கால்வாயைத் தேடுவார்கள். நீங்கள் பால்வெட்டு என்பதால் சொல்கிறேன், கட்டாபெர்ச்சாவும் மரத்துப் பால்தான், மலேயாப் பக்கத்து மரம். வேதியியலில் உங்கள் ரப்பருக்கு உடன்பிறப்பு, சங்கிலி மடங்கும் விதம் மட்டும் வேறு. எச்சில் உள்ளே போகாமல் பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் ஷீட் மாட்டிச் செய்வதுதான் முறை, அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கேப் இல்லாமல் முந்திரிக்கொத்து கடித்திருக்கிறீர்கள். வேர் நீளவாக்கில் விரிசல் விட்டிருந்தால் எந்தச் சிகிச்சையும் நிற்காது, எடுக்கத்தான் வேண்டும். ஈறுக்குள் ஒரே ஒரு இடத்தில் மட்டும் அளவுக்கம்பி ஆழமாக இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன் காசைக் கட்டாதீர்கள்.

அருமனைக்காரன்

ரொம்ப நன்றி டாக்டரம்மா. நேற்றுப் போய்க் கேட்டேன். அளவுக்கம்பி எங்கேயும் இறங்கவில்லை. சாய்த்து எடுத்த படத்தில் பின்வேருக்குள் அடைத்த கோடு நடுவில் இல்லாமல் ஒரு ஓரமாக நிற்கிறது, அதனால் பக்கத்தில் இன்னொன்று இருக்கும் என்றார். திறக்க ஒத்துக்கொண்டேன். செலவு கூடினால் குலசேகரம் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாமா? இன்னொன்று, மகளுக்கு ஆறரை வயது. பால்பல் எதுவும் விழாமலே கடைசியில் ஒரு பெரிய பல் முளைத்திருக்கிறது, அதில் கறுப்புக் கோடு. விழுகிற பல்தானே என்று வீட்டில் விட்டுவிட்டார்கள்.

வடசேரி பல்டாக்டர்

கல்லூரிக்குத் தாராளமாகப் போகலாம். நேரம் கூட எடுக்கும், ஒரு நாள் வெட்டு போகும், அவ்வளவுதான். முடிந்ததும் கேப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.

மகளுக்கு முளைத்திருப்பதும் இதே பல்தான் தம்பி. ஆறு வயதில் பால்பற்களுக்குப் பின்னால் புதிதாக வரும், விழாது. வேர் நுனி மூடவே ஒன்பது, பத்து வயதாகும். அதற்குள் சொத்தை நரம்பைத் தொட்டால் வைத்தியம் சிக்கல். கறுப்புக் கோடு வெறும் கறையாகவும் இருக்கலாம், சொத்தையின் ஆரம்பமாகவும் இருக்கலாம். உங்கள் பல்லைத் திறக்கப் போகும் அன்றே அவளையும் கூட்டிப் போங்கள். சொத்தை இல்லையென்றால் பள்ளங்களை மூடும் பூச்சு போடச் சொல்லுங்கள், ஊசியே தேவைப்படாது. இடது பக்கமும் முளைத்திருக்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.