கல்யாணமாகிக் கொழும்புக்கு வந்திருக்கும் தங்கச்சிகளுக்கு

விசா, வாடகை, வெள்ளவத்தையில் எந்தக் கடையில் நல்ல இட்லி அரிசி, எல்லாம் நம்ம இந்தக் குழுவில் எழுதியாச்சு. நேற்று ஒரு தங்கச்சி நாலு மாசமாகத் தலைவலி, தூக்கமே இல்லை, நல்ல நரம்பு டாக்டர் யார் என்று கேட்டுவிட்டு, கடைசியில் போகிறபோக்கில் "அவருக்குக் கோபம் வந்தால் கொஞ்சம் கை நீளும்" என்று எழுதியிருந்தார். வந்த பதில்கள் பூராவும் டாக்டர் பெயர்கள்தான்.

தங்கச்சி, இரண்டும் ஒரே வியாதியாக இருக்கலாம். அடி வாங்குகிற உடம்பில் தீராத தலைவலி, முதுகுவலி, அடிவயிற்று வலி, மனச்சோர்வு எல்லாம் வரும். கர்ப்பம் என்றால் கரு கலையலாம், பிள்ளை எடை குறைந்து பிறக்கலாம். கழுத்தை நெரித்திருந்தால் வெளியே தடமே இல்லாவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், உள்ளே ரத்தக்குழாய் கிழிந்து சில நாள் கழித்துக்கூடப் பக்கவாதம் வரலாம்.

"இதெல்லாம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) தான், நம்ம குடும்பங்களில் ஏது?" என்பார்கள். சும்மா. 2019இல் நாடு முழுக்க எடுத்த ஆய்வில், துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருத்தி அவனிடம் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருக்கிறாள். சிங்களவர், முஸ்லிம், மலையகத் தமிழர், நாம், எல்லார் வீட்டிலும் உண்டு. சிங்களப் பெண்ணுக்குப் பொலிஸில் தன் மொழியிலாவது சொல்ல முடிகிறது. திருச்சியிலிருந்து வந்த புதிதில் நான் ஒரு பொலிஸ் நிலையத்தில் சிங்களத்தில் எழுதி நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன். பிறகு வக்கீல் வாசித்துக் காட்டினார்: "சமாதானமாகிவிட்டோம்" என்று இருந்தது! தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள், அது உரிமை. (இங்கே 'புகார்' என்று சொல்வதில்லை, 'முறைப்பாடு' என்பார்கள்.)

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை, அதாவது இனி வன்முறை கூடாது என்று அவரைத் தடுக்கும் உத்தரவு, வாங்கலாம், 12 மாதம் வரை செல்லும். ஆனால் முதலில் டாக்டர். கணவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு டாக்டரிடம் காரணத்தைச் சொல்லுங்கள், காயத்தைப் பதியச் சொல்லுங்கள். பல அரச ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே 'நட்பு நிலையம்' இருக்கிறது, சிங்களத்தில் 'மிதுரு பியச' என்று கேட்டால் காட்டுவார்கள். பெண்களுக்கான உதவி எண் 1938.

அப்புறம் பாஸ்போர்ட், கல்யாணச் சான்றிதழ் இரண்டையும் படம் எடுத்து ஊரில் அக்காவுக்கோ அம்மாவுக்கோ அனுப்பிவிட்டு, கணவர் உங்கள் போனைப் பார்க்கிறவர் என்றால் அனுப்பியதை உடனே அழித்துவிடுங்கள்.