தீவுக்கு டூரிஸ்ட் போகலாம், கடல்பாசி எடுக்கிறவங்க போகக்கூடாதா?

காட்பாடிக்காரன்:
லீவுக்குக் குடும்பத்தோட ராமேஸ்வரம் போனப்ப குந்துகால்ல வனத்துறை படகு ஏறி குருசடைத் தீவைப் பார்த்தோம். அவ்வளவு சுத்தம். கரைக்கு வந்ததும் பாசி எடுக்கிற அம்மா ஒருத்தங்க, "உங்களை டிக்கெட் குடுத்துக் கூட்டிப் போறாங்க, எங்களைக் கண்டா விரட்டுறாங்க"ன்னு சொன்னாங்க. பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா தடை இருக்கறதாலதானே தீவு அப்படி இருக்கு? பவளப்பாறையை வெட்டி வெட்டியே பூவரசன்பட்டி, விலாங்குசல்லின்னு ரெண்டு தீவு தண்ணிக்குள்ள போயிடுச்சு. 1986ல மன்னார் வளைகுடாவோட 21 தீவையும் தேசியப் பூங்காவா அறிவிக்கலேன்னா மிச்சமும் போயிருக்கும். கண்டிப்பு வேணும்னுதான் நான் சொல்வேன்.

மண்டபத்துப் பொண்ணு:
எனக்குச் சொந்த ஊர் அந்தப் பக்கம்தான், இப்ப வேலூர்ல நர்ஸ். அண்ணா, பவளம் வெட்டினது சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும். பாசி எடுத்த பொம்பளைங்க இல்ல. எங்க பாட்டி விரலுக்கு விரல் துணி சுத்திக்கிட்டு, இடுப்புல வலைப்பையைக் கட்டிக்கிட்டு முங்குவாங்க. சாயங்காலம் அந்தத் துணியை அவுத்தா விரலெல்லாம் வெள்ளையா ஊறி, வெட்டுக் காயமா இருக்கும். அந்த மரிக்கொழுந்துப் பாசி மதுரை ஃபேக்டரிக்குப் போய் அகர்ங்கற ஜெல்லிப் பொருள் ஆகும். இங்க லேப்ல கிருமி வளர்த்துப் பார்க்கற தட்டுல இருக்கறதும் அந்த மாதிரிப் பாசியிலேர்ந்து வர்றதுதான். பொருள் வேணும், எடுக்கிறவ மட்டும் திருடியா?

ஆற்காட்டு வாத்தியார்:
உணர்ச்சி சரிம்மா. ஆனா "பொழப்பு போயிடும்"ங்கற வாதத்தை நம்ம ஊர்ல ஏற்கெனவே கேட்டாச்சு. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைக்காரங்களும் அதைத்தான் சொன்னாங்க. பாலாறு என்ன ஆச்சு? 1996ல சுப்ரீம் கோர்ட் "மாசு செஞ்சவன் கட்டணும்"னு சொன்ன பிறகுதான் கொஞ்சமாவது பயம் வந்தது. பொதுச் சொத்துக்கு ஒரு காவல்காரன் வேணும்.

வேலூரான்83:
இன்னா சார், கடலே இல்லாத ஊர்ல உட்கார்ந்துகினு கடலுக்குப் பஞ்சாயத்தா? நமக்கு மீன் வண்டி லேட்டா வந்தாத்தான் கடல் ஞாபகமே வருது 😄

ஜவ்வாது காத்து:
வேலூரானே, பாலாறு கடைசியில கடல்லதான் சேருது, அதனால பேசலாம்.
வாத்தியாரே, நீங்க சொன்ன உதாரணமே உங்களுக்கு எதிரா நிக்குது. 1996 தீர்ப்புக்கு அப்புறமும் ஆறு திருந்தல. 2025 ஜனவரியில அதே கோர்ட் மறுபடி ஒரு கமிட்டி போடச் சொல்லிச்சு. ஃபேக்டரியையும் கையால பாசி பறிக்கிற ஆளையும் ஒரே தட்டுல வைக்கறதும் நியாயமில்ல. கடல்ல ஃபேக்டரிக்குச் சமமானது அடிமடியோட வாரிட்டுப் போற இழுவைப்படகு. கரையை ஒட்டி அது வரக்கூடாதுன்னு 1983லேர்ந்து சட்டம் இருக்கு. அதை எத்தனை தடவை பிடிச்சாங்க, பொம்பளைங்களை எத்தனை தடவை பிடிச்சாங்கன்னு கேட்டுப் பாருங்க.
எங்க மலையில தேன், கடுக்காய் எடுக்கவே 2006 வன உரிமைச் சட்டம் வர வேண்டியிருந்தது. கடல்ல தொழில் செய்யறவங்களுக்கு அந்த மாதிரி ஒரு சட்டம் இன்னிக்கும் கிடையாது. கடல்பகுதியைச் சரணாலயத்துல சேர்க்கறதுன்னா உள்ளூர் மீனவர் தொழிலைக் காப்பாத்த ஏற்பாடு பண்ணிட்டுத்தான் எல்லை போடணும்னு வனவிலங்குச் சட்டத்துல எழுதினதே 1991ல. பூங்கா அறிவிச்சு அஞ்சு வருஷம் கழிச்சு!

ஆற்காட்டு வாத்தியார்:
ஊர்க் கட்டுப்பாட்டை நம்பி விடலாம்ங்கறீங்களா? கடல் அட்டை பிடிக்க 2001லேர்ந்து தடை. இன்னமும் மூட்டை மூட்டையா இலங்கைக்குக் கடத்திப் பிடிபடுது. ஊருக்குத் தெரியாமயா நடக்குது?

மண்டபத்துப் பொண்ணு:
இலங்கையில லைசென்ஸ் வாங்கினா கடல் அட்டை பிடிக்கலாம் சார். அக்கரையில தொழில், இக்கரையில குற்றம். கடத்தல் ஏன் நிக்கலேன்னு அதுலயே தெரியும்.
ஊர்க் கட்டுப்பாட்டுக்கும் உதாரணம் இருக்கு. பாம்பன் சின்னப்பாலத்துல பாசி எடுக்கிற பொம்பளைங்க மாசத்துல 12 நாள்தான் கடல்ல இறங்கறதுன்னு தாங்களே முடிவு பண்ணினாங்க. பாசி வளரணும்னு. அவங்கள்ல லட்சுமி மூர்த்திக்கு 2015ல சீகாலஜி விருது, தீவுகளைக் காப்பாத்தறவங்களுக்கு ஒரு அமெரிக்க அமைப்பு தர்றது, கிடைச்சது.
ஆனா ஊர்க் கூட்டத்தைத் தூக்கி வெச்சும் நான் பேச மாட்டேன். அதுல ஆம்பளைங்கதான் உட்காருவாங்க. படகு, வலை வெச்சிருக்கறவன்தான் மீனவன். முங்கிப் பறிக்கிறவளை அந்தக் கணக்குலயே சேர்க்கறதில்ல. அதிகாரிங்க "மக்கள்கிட்ட கேட்டாச்சு"ன்னு சொல்றப்ப அந்த மக்கள் யாருன்னு பார்க்கணும்.

காட்பாடிக்காரன்:
இதை நான் யோசிக்கல. சரி, தடையை எடுத்துட்டா எல்லாரும் இறங்கிட மாட்டாங்களா?

ஜவ்வாது காத்து:
தடையை எடுக்கச் சொல்லல தம்பி. 2022ல பாக் விரிகுடாவுல தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடல்ல 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக்குன்னு ஒதுக்கினாங்க. தேசியப் பூங்கா இல்ல, பாதுகாப்பு ஒதுக்ககம். அந்த வகைக்கு உள்ளூர் ஜனங்களைக் கலந்து பேசணும், நிர்வாகக் குழுவுல ஊராட்சிக்கு ஒருத்தர் இருக்கணும்னு சட்டமே சொல்லுது. வலையில மாட்டின கடற்பசுவை மீனவங்களே வலையை அறுத்து விட்டுட்டு வீடியோ அனுப்பறாங்க, வனத்துறை வெகுமதி தருது. விரட்டியிருந்தா அனுப்புவாங்களா?

ஆற்காட்டு வாத்தியார்:
ஊராட்சிக்கு ஒருத்தர்னா தலைவர்தான் வந்து உட்காருவார். தங்கச்சி இப்பத்தானே சொன்னாங்க, அந்த மேஜையில பாசி எடுக்கிறவங்களுக்கு நாற்காலி இல்லேன்னு. 12 நாள் கட்டுப்பாட்டை எழுத்துல வாங்கி, மீறினா அபராதம்னு வனத்துறையும் அவங்களும் சேர்ந்து கையெழுத்துப் போடட்டும். அப்ப நான் ஒத்துக்கறேன். வாய்மொழிக் கட்டுப்பாடு அடுத்த தலைமுறைக்கு நிக்காது.

மண்டபத்துப் பொண்ணு:
கையெழுத்துப் போடத் தயார் சார். அபராதம் டூரிஸ்ட் படகு நங்கூரம் போட்டுப் பாறையை உடைச்சாலும் உண்டுன்னு அதே தாள்ல எழுதணும். டிக்கெட் பணத்துல ஊருக்கு எவ்வளவுங்கறதும் அதுலயே வரணும்.

வேலூரான்83:
இந்தாபா, இது நல்லா கீது. வாத்தியாரே, பதில் சொல்லுங்க.