முந்தி ஈன்ற மறியாட்டின் மடி ஊறத் தாமதித்தபோது

வவுணதீவிலிருந்து:

எங்கள் வீட்டிலேயே பிறந்து வளர்ந்த ஜமுனாபாரி இனக் கலப்பு மறியாடு (முதன்முறை ஈனும் இளம் பெட்டையாடு), சென்ற மார்கழி மழையில், கிடாயுடன் சேர்ந்த 139ஆம் நாளில் இரண்டு குட்டிகளை ஈன்றது. ஆடு ஏறத்தாழ 150 நாட்கள் சினையாக இருக்கும் என்ற எண்ணத்தில் நாங்கள் எந்த ஆயத்தமும் செய்திருக்கவில்லை. ஒரு குட்டி விடியுமுன் இறந்துவிட்டது. மற்றதைச் சாக்கினால் துடைத்து, அடுப்பருகில் வைத்து உடல் சூடேறிய பின்னரே அது விரலைச் சப்பத் தொடங்கியது.

தாயின் மடி தளர்ந்து சிறுத்திருந்தது. 1.4 கிலோகிராம் நிறையுள்ள குட்டிக்கு முதல் நாளில் ஈன்றவுடன் சுரக்கும் முதற்பாலான கடும்புப்பால் 140 மில்லிலீற்றராவது வேண்டும். எனக்குக் கிடைத்தது அதில் பாதிகூட இல்லை. அயல்வீட்டு அக்காவின் ஆடு அன்றிரவுதான் ஈன்றிருந்தது. அவர் போத்தலில் கறந்து தந்த கடும்புப்பாலே இந்தக் குட்டியைக் காப்பாற்றியது.

பால் ஊறட்டும் என்று மூன்றாம் நாள் தவிட்டுடன் சோற்றையும் அள்ளி வைத்தது நான் செய்த பெரும் பிழை. ஆடு அசைபோடுவதை நிறுத்தி, வயிறு ஊதி, இருந்த பாலும் வற்றிப்போனது. வந்து பார்த்த கால்நடை வைத்தியர், பால் சுரக்கும் இழையங்களின் பெரும்பகுதி சினையின் கடைசி மூன்றிலொரு காலத்திலேயே வளர்வதால் முந்தி ஈன்ற ஆட்டின் மடி ஆயத்தமாகியிருக்காது என்றும், தானே வளர்ந்து முடியாத மறி தின்னும் தீனியைத் தன் உடலுக்கும் பாலுக்கும் பங்கிட வேண்டியிருக்கிறது என்றும் விளக்கினார். வளர்ந்த ஆட்டின் நிறையில் 60 வீதத்தையாவது எட்டுமுன் அதனைக் கிடாயுடன் விட்டிருக்கக் கூடாது.

அதன் பின்னர், மடியில் பால் தேங்கினால் சுரப்புக் குறையும் என்பதால், இளஞ்சூட்டுத் துணியால் ஒற்றி, நாளுக்கு நான்கு தடவை கடைசிச் சொட்டு வரை கறந்தேன். கிளிசரியா, இபில் இபில், முருங்கை இலைகளுடன் தேங்காய்ப் புண்ணாக்கை 50 கிராமில் தொடங்கி இரண்டு கிழமைகளில் 200 கிராமுக்குக் கொண்டுவந்தேன். பத்தாம் நாளில் 200 மில்லிலீற்றர் வந்தது. ஆறாம் கிழமையில் குட்டி குடித்தது போக 500 மில்லிலீற்றர் கறந்தேன்.

திருக்கோவிலிலிருந்து:

தம்பி, எனது இளம் ஆடும் முந்தித்தான் ஈன்றது, ஆனால் அதே மாதத்தில் வேறு இரண்டு ஆடுகளும் குட்டி வீசியதால் (கரு கலைந்ததால்) வைத்தியர் நோய்த்தொற்றைச் சந்தேகித்து இரத்தம் எடுத்தார். இத்தகைய தொற்றுகளில் சில மனிதருக்கும் பரவக்கூடியவை என்பதால், கையுறை அணிந்து நஞ்சுக்கொடியை ஆழமாகப் புதைத்தோம். கர்ப்பிணியான மகளைக் கொட்டில் பக்கமே விடவில்லை. பாலை நன்றாகக் கொதிக்க வைத்தே குடித்தோம். பால் குறைவுக்கு எங்களிடம் இன்னொரு காரணமும் இருந்தது. மடியின் ஒரு பக்கம் சூடாகவும் கல்லாகவும் இருந்ததை மழைக்குளிர் என்று நான்கு நாட்கள் விட்டுவிட்டேன். ஊசி போட்டு வீக்கம் வற்றியும் அந்தப் பக்கத்தில் பால் திரும்பவேயில்லை. உங்கள் மறிக்கு இரத்தம் பரிசோதித்தார்களா?

வவுணதீவிலிருந்து:

இல்லை அக்கா. ஒன்றுதானே முந்தி ஈன்றது என்று நினைத்துவிட்டேன். பட்டியில் இன்னும் இரண்டு சினையாடுகள் நிற்கின்றன. நாளைக் காலையிலேயே வைத்தியரிடம் சொல்லி இரத்தம் எடுக்கச் செய்கிறேன்.