எம்.ஜி.பி. ரோட்ஸ்டரோடு பழகியவர்கள் எழுதுங்கள்

தொடங்கியவர், கொவென்ட்ரி

எம்.ஜி.பி. என்பது 1962-ல் வந்து 1980 வரை ஓடிய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் மாடல்; ரோட்ஸ்டர் என்றால் அதில் நிலையான கூரை இல்லாத திறந்த வண்டி. கூரை வைத்த ஜி.டி.யையும் சேர்த்தால் 5 லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். பெயர் ஒன்றுதான் என்றாலும் வருஷத்துக்கு வருஷம் வண்டியின் குணம் மாறிவிடுகிறது. அதனால் ஓட்டியவர்களும் வேலை பார்த்தவர்களும் எந்த வருஷத்து வண்டி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

என்னோடு வேலை பார்த்த பெரியவர் ஒருவர் 1963 வண்டி வைத்திருந்தார். கதவை இழுத்துத் திறக்கிற பழைய கைப்பிடி. 1965-ல் அது பட்டனாக மாறிவிட்டது. அவர் சாவியைப் பாதி திருப்பிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பார். சீட்டுக்குப் பின்னாலிருந்து டக்டக்டக்கென்று எஸ்.யூ. கம்பெனியின் பெட்ரோல் பம்ப் அடிக்கும். பெட்ரோலைக் காற்றோடு கலக்கிற கார்புரேட்டர்கள் இரண்டும் நிறைந்ததும் அடிப்பது தானாக நிற்கும். அப்புறம்தான் சோக்கை இழுத்து ஸ்டார்ட் பண்ணுவார். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ பெட்ரோல் கசிகிறது, அல்லது டேங்கே காலி.

என்ஜின் 1798 சிசி, 95 குதிரைத்திறன். வண்டியின் எடையோ ஒரு டன்னுக்கும் குறைவு. மணிக்கு 100 மைலைத் தாண்டிவிடும், ஆனால் அதன் சுகம் அந்த வேகத்தில் இல்லை. 50, 60 மைலில் மேடும் வளைவுமாகப் போகும் கிராமத்துச் சாலையில், மூன்றாம் கியரிலேயே இழுத்துக்கொண்டு போவதில் இருக்கிறது. கீழிருந்தே இழுக்கிற என்ஜின் அது. முதல் கியருக்கு மட்டும், கியர் மாற்றும்போது வேகங்களை ஒன்றாக்கும் சிங்க்ரோமெஷ் கிடையாது; வண்டி நின்ற பிறகுதான் போட வேண்டும், உருளும்போது போட்டால் பல் கத்தும். 1967-ல் வந்த மார்க் 2-வில்தான் அது சரியானது. என்ஜினுக்குள் சுழலும் முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்டைத் தாங்க மூன்று பேரிங் என்பது 1964 கடைசியில் ஐந்தானது. ஐந்து பேரிங் என்ஜின்தான் அதிகம் உழைக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மைதான். இருந்தாலும் அந்த 1963 என்ஜின் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் எழும்பிய விதம் எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது.

பதில், நியூ ஜெர்சி

அண்ணா, இங்கே நிலவரமே வேறு. நான் பழகியது 1975 வண்டி, கறுப்பு ரப்பர் பம்பர் வைத்தது. மெதுவாக மோதினால் விளக்குகளுக்குச் சேதம் வரக்கூடாது, ஹெட்லைட் இத்தனை உயரத்தில் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் போட்டார்கள். முன்பக்கத்தைப் புதிதாக வடிவமைக்கக் கம்பெனியின் கையில் பணம் இல்லை. சஸ்பென்ஷனைத் தூக்கி வண்டியையே சுமார் ஒன்றரை அங்குலம் உயர்த்திவிட்டார்கள். கூடவே வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கிற முன்பக்க ஆன்டி-ரோல் பாரையும் எடுத்துவிட்டார்கள். வளைவில் திருப்பினால் முதலில் உடம்பு சாயும், அப்புறம்தான் வண்டி திரும்பும். இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர் இருந்த இடத்தில் ஒரே ஒரு ஜெனித்-ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர். புகைக் கட்டுப்பாட்டுச் சாமான்களையும் சேர்த்துப் பார்த்தால் 60-ஐக் கொஞ்சம் தாண்டிய குதிரைத்திறன்தான் மிச்சம்.

ஆனால் இதைக் கழித்துக் கட்டாதீர்கள். ஆன்டி-ரோல் பார் பூட்டி, தாழ்வான ஸ்பிரிங் போட்டு, ஒரு ஜோடி எஸ்.யூ. மாட்டியதும் என் கண்ணெதிரே அது வேறு வண்டி ஆனது. இரண்டு கார்புரேட்டரையும் சமப்படுத்த ஒரு ரப்பர் குழாய் போதும். ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் காற்று உள்ளே போகும் வாயிலும் வைத்து, இரண்டிலும் ஒரே அளவு இரைச்சல் வரும்வரை திருகைத் திருப்ப வேண்டும். தொழிற்சாலையே 1976-ல் முன்னும் பின்னும் ஆன்டி-ரோல் பாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. ஆக, தவறு எங்கே என்று எம்.ஜி. தொழிற்சாலை இருந்த அபிங்டன்காரர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

பதில், லெஸ்டர்

ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். என்ஜினைப் பார்த்து வாங்குவதா, வருஷத்தைப் பார்த்து வாங்குவதா?

பதில், பர்மிங்காம்

தம்பி, இரண்டையும் பார்க்காதே, கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற தகட்டுப் பெட்டியான சில்லைப் பார். பாடி ரிப்பேர் எனக்குத் தொழில், அதனால் சொல்கிறேன்.

முந்தைய மாடலான எம்.ஜி.ஏ.வுக்குத் தனி சேசிஸ், அதாவது அடிச்சட்டம், இருந்தது. சிட் எனவரும் டான் ஹேட்டரும் எம்.ஜி.பி.யை வடிவமைத்தபோது அதை விட்டுவிட்டு, பாடியே எல்லாப் பாரத்தையும் தாங்கும் மோனோகாக் ஆக்கினார்கள். அதனால்தான் வீல்பேஸ், அதாவது முன், பின் சக்கரங்களுக்கு நடுவில் உள்ள தூரம், 94 அங்குலத்திலிருந்து 91-க்குக் குறைந்தும் உள்ளே கால் நீட்ட இடம் கூடியது. ஆனால் ரோட்ஸ்டருக்குக் கூரை கிடையாது. வண்டி நடுவில் தொங்காமல் தாங்குவது இந்தச் சில்தான். வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என்று அது மூன்று அடுக்கு. முன் சக்கரம் வாரி அடிக்கும் சேறு ஃபெண்டருக்குள் தங்கி, ஈரத்தோடு கிடந்து, முன்முனையிலிருந்து அரிக்கத் தொடங்கும். வெளித்தகட்டை மட்டும் புதிதாக ஒட்டி பெயின்ட் அடித்து விற்பவர்கள் உண்டு. அப்படி வந்த ஒன்றை வெட்டித் திறந்தபோது நடுத்தகடு துருப்பொடியாகக் கையில் கொட்டியது.

நாங்கள் சில்லை வெட்டும் முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டு செய்துவிடுவோம். செய்யாவிட்டால் பாடி மடங்கிவிடும், அப்புறம் கதவு பொருந்தவே பொருந்தாது. 1988-லிருந்து பழைய அச்சுகளை வைத்தே முழு பாடி ஷெல்லைப் புதிதாக அடித்துத் தருகிறார்கள். ரொம்பக் கெட்டுப்போன வண்டிக்கு அதுதான் வழி. விலை கூடுதல்.

பார்க்கப் போகும்போது கதவை மூடி, கதவுக்கும் பின் ஃபெண்டருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் விரலை வை. பின்பக்கத்தை ஜாக்கில் தூக்கச் சொல். இடைவெளி மேலும் கீழும் மாறினாலோ, கதவு திறக்க மறுத்தாலோ, விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்காதே. மாறாமல் நின்றால் எனக்கு எழுது, மற்றதை என்ன பார்ப்பது என்று சொல்கிறேன்.